பெட்டியைப் பிரிக்கும் முன் ஒரு நிமிஷம், தங்கச்சி

பார்சல் வந்தவுடன் கத்தரிக்கோலைத் தேடாதே கண்ணு. முதலில் போனைத் தேடு. பெட்டியை மேசைமேல் வை, கேமராவில் வீடியோவை ஓட விடு, அப்புறம் பிரி. ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதில் எத்தனையோ விதமான தகராறு வருகிறது. ஆனால் கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்துதான் முட்டிக்கொண்டு நிற்கும்: "நாங்க சரியான பொருளைத்தான் அனுப்பினோம் மேடம். நீங்க பிரிக்கும்போதே உடைஞ்சிருந்துச்சுன்னு என்ன ஆதாரம்?" பணமும் நம்முடையது, நியாயமும் நம் பக்கம், ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டு வருகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவே இல்லை. நீ அப்படி ஏமாறக் கூடாது.

வீடியோவை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன். பெட்டிமேல் ஒட்டியிருக்கிற லேபிளில் ஆரம்பி. உன் பெயர், ஆர்டர் எண், கூரியர் எண் மூன்றும் தெளிவாகத் தெரியணும். பல லேபிள்களில் பார்சலின் எடையும் அச்சிட்டிருக்கும், அதையும் கிட்டப் போய்க் காட்டு. மொபைல் பெட்டிக்குள் சோப்புக் கட்டி வந்தது என்கிற மாதிரி வழக்குகளில் அந்த எடைதான் பெரிய சாட்சி. வீட்டில் சமையல் தராசு இருந்தால் பிரிக்கும் முன் பெட்டியை அதில் வைத்து அந்த எடையையும் வீடியோவில் சேர்த்துவிடு. பிறகு பெட்டியைச் சுற்றிக் காட்டு. டேப்பை ஒரு தடவை கிழித்து மறுபடி ஒட்டின அடையாளம் இருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா, ஈரம் பட்டிருக்கிறதா என்று பார். இதற்கப்புறம்தான் பிரிக்கணும். பிரித்து, பொருளை வெளியே எடுத்து, அதன் சீரியல் எண்ணைக் காட்டி, கரண்ட் சாமானாக இருந்தால் பிளக்கில் மாட்டி ஓட விட்டுக் காட்டுகிறவரை நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தி நிறுத்தி எடுத்த வீடியோவைக் காட்டினால், "நடுவுல என்ன நடந்துச்சோ" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள்.

மொபைல், லேப்டாப், டிவி மாதிரி விலை கூடிய சாமான் என்றால், ஆர்டர் போடும்போதே 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' உண்டா என்று பார். இருந்தால் டெலிவரி கொடுக்க வருகிற தம்பியே வாசலில் வைத்துப் பிரித்துக் காட்டுவார். நீ கண்ணால் பார்த்து, சரி என்று தோன்றிய பிறகுதான் ஓடிபி சொல்ல வேண்டும். அவர் அவசரப்படுத்தினாலும் முன்னாடியே சொல்லிவிடாதே. நீ ஓடிபி சொன்னால் பொருளைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டாய் என்று கணக்கு. அதற்காக அந்தப் பிள்ளையிடம் எரிந்து விழவும் வேண்டாம். வெயிலில் அலைந்து பெட்டியைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. உள்ளே என்ன வைத்தார்கள் என்பது அவருக்கும் தெரியாது.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது

விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் '7 நாள் ரிட்டர்ன்', '7 நாள் ரீப்ளேஸ்மென்ட்', 'நான்-ரிட்டர்னபிள்' என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். மூன்றும் ஒன்றில்லை. ரிட்டர்ன் என்றால் பணம் திரும்பி வரும். ரீப்ளேஸ்மென்ட் என்றால் அதே பொருளில் வேறொன்றுதான் தருவார்கள், பணத்தை உடனே எதிர்பார்க்க முடியாது. எலக்ட்ரானிக் சாமான்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். உள்ளாடை, மேக்கப், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அநேகமாக மூன்றாவது ரகம். சில ஆப்களில் ஒரே குர்தாவுக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். குறைந்த விலையைத் தட்டினால், டேமேஜ் ஆகியிருந்தாலோ வேறு பொருள் வந்திருந்தாலோ மட்டும்தான் திருப்ப முடியும், சைஸ் பத்தவில்லை என்றால் முடியாது. முப்பது நாற்பது ரூபாய் மிச்சத்துக்கு ஆசைப்பட்டு அதை எடுத்துவிட்டு, அப்புறம் சைஸுக்காக மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர். உனக்குப் பழக்கமில்லாத பிராண்டு துணி என்றால் கூடுதல் விலையையே கொடுத்துவிடு.

ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. போட்டோ, விவரம், ரிட்டர்ன் விதி, டெலிவரி தேதி, விற்பவர் பெயர் எல்லாம் அதில் வரணும். 'சுத்தப் பருத்தி' என்று போட்டு விற்றுவிட்டு, புகார் வந்த பிறகு விவரத்தை மாற்றிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் கூடையை ஒரு தடவை மேலிருந்து கீழே பார். நீ கேட்காத இன்ஷூரன்ஸ், நன்கொடை என்று ஏதாவது தானாக ஏறி உட்கார்ந்திருக்கலாம். இந்த மாதிரித் தந்திரங்களைத் தடை செய்து, 13 வகையாகப் பிரித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டுதலே போட்டிருக்கிறது. 'இன்னும் 2 மட்டுமே' என்று பொய்யாகச் சொல்லி அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

'நோ ரிட்டர்ன்' என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா?

இல்லை. இதை நீ நன்றாக மனசில் வைத்துக்கொள்ளணும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம்மைப் பயமுறுத்தி அனுப்பிவிடுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் ஆன்லைன் வியாபாரத்துக்கென்று தனி விதிகளும் வந்தன. அந்த விதிப்படி, பொருள் பழுதாக இருந்தாலும், போலியாக இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன மாதிரி இல்லாவிட்டாலும் விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும் அப்படித்தான். தீபாவளிக்கு முன்னாடி வந்துவிடும் என்று போட்டிருந்த பட்டுப் பாவாடை தீபாவளி முடிந்து வந்தால், "இனி எனக்கு வேண்டாம்" என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. வெள்ளம், புயல் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் மட்டும் விலக்கு. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால், 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் அது நியாயமற்ற வணிக முறை.

அதே சமயம், நம் ஊர்ச் சட்டம் எதற்குத் துணை நிற்காது என்பதையும் தெரிந்துகொள். பொருளில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக்கு வந்த பிறகு கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் சட்டத்தைக் காட்டி எதுவும் கேட்க முடியாது. அந்தக் கடையின் ரிட்டர்ன் விதி என்ன சொல்கிறதோ அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருளை 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். அங்கே இருக்கிற நம் சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதே.

கல்யாணத்துக்குக் கட்டிவிட்டு மறுநாள் சேலையைத் திருப்பி அனுப்புகிற பழக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம். ஆப்புக்குப் பின்னால் பெரிய கம்பெனிதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதில் விற்கிற பலர் திருப்பூரில் நாலு மெஷின் போட்டுத் தைக்கிற சின்ன வியாபாரிகள். வியர்வை பட்ட துணி திரும்பி வந்தால் நஷ்டம் அவர்கள் தலையில்தான் விடியும். அடிக்கடி ரிட்டர்ன் போடுகிறவர்களின் கணக்கையே முடக்கிவிடுகிற தளங்களும் உண்டு. அப்போது உண்மையாகவே பழுதான பொருள் வந்தாலும் நம் பேச்சு எடுபடாது.

திருப்பிக் கொடுக்கிற அன்று

அட்டைப்பெட்டி, தெர்மாகோல், டேக், வாரன்டி கார்டு, கூட வந்த இலவசப் பொருள் எதையும் ரிட்டர்ன் நாள் முடிகிறவரை தூக்கிப் போடாதே. பிக்கப் எடுக்க வருகிறவர் கையில் இருக்கிற ஆப், ஒவ்வொன்றையும் சரிபார்க்கச் சொல்லி அவரைக் கேட்கும். டேக் அறுந்திருந்தால் 'குவாலிட்டி செக் ஃபெயில்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். மொபைல் என்றால் அதில் போட்டிருக்கிற கூகுள் கணக்கை வெளியேற்றி, எல்லாத் தகவலையும் அழித்துவிட்டுக் கொடு.

கொடுக்கும்போது மறுபடியும் போட்டோ. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வரும்போது எடுத்த வீடியோ எவ்வளவு முக்கியமோ, போகும்போது எடுக்கிற போட்டோவும் அவ்வளவு முக்கியம். நம் அண்ணி ஒரு மொபைலைத் திருப்பி அனுப்பினபோது, "நீங்கள் அனுப்பியது வேறு மொபைல்" என்று சொல்லி ஒரு கடை பணத்தை நிறுத்திவிட்டது. நல்லவேளை, அண்ணி *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை ஸ்கிரீனில் வரவழைத்து, பில்லில் இருக்கிற எண்ணையும் பக்கத்தில் வைத்து, பிக்கப் தம்பி பார்சலை ஒட்டுகிறவரை படம் எடுத்து வைத்திருந்தார். அதை அனுப்பின பிறகு அவர்களால் ஒன்றும் பேச முடியவில்லை. பணம் வந்தது. அந்தப் போட்டோக்கள் இல்லாவிட்டால் அண்ணி இன்னும் அலைந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

பிக்கப் ஆனதும் ஆப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ ஒப்புகை வந்ததா என்று அவர் வாசலில் நிற்கும்போதே பார்த்துவிடு. ஆளே வராமல் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று தகவல் வந்தால், சும்மா விடாமல் அன்றைக்கே சாட்டில், "நான் வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவில்லை, போனும் வரவில்லை" என்று எழுதிப் போடு. ரிட்டர்ன் நாள் கடந்துபோனது உன்னால் அல்ல என்பதற்கு அதுதான் ஆதாரம்.

பணம் எங்கே மாட்டிக்கொண்டது?

"நாங்க அனுப்பிட்டோம்" என்று கடை சொல்லும். "எங்களுக்கு வரலை" என்று வங்கி சொல்லும். நடுவில் நீ பந்தாடப்படுவாய். அப்போது கடையிடம் கேட்க வேண்டியது ஒரு எண்தான். கார்டில் கட்டியிருந்தால் ரீஃபண்டுக்கு 'ஏஆர்என்' என்று 23 இலக்க எண் இருக்கும். யூபிஐ என்றால் 12 இலக்க 'யூடிஆர்' எண். உண்மையிலேயே பணத்தை அனுப்பியிருந்தால் அந்த எண் அவர்களிடம் இருந்தே தீரும். எண் கிடைத்தால் அதை வங்கியில் கொடு, அவர்கள் தேடி எடுத்துவிடுவார்கள். எண் தர முடியவில்லை என்றால் பணம் இன்னும் கடையிடம்தான் இருக்கிறது.

பணத்தை எங்கே வேண்டும் என்று ஆப் கேட்கும்போது நிதானமாகப் பார்த்துத் தட்டு. வாலட், கடை கிரெடிட் என்பதுதான் முதலில் நிற்கும், 'உடனே கிடைக்கும்' என்றும் போட்டிருக்கும். அதைத் தட்டினால் அந்தப் பணத்தை அங்கேயேதான் செலவழிக்க முடியும். கட்டின கணக்குக்கே திரும்பி வரும்படி தேர்ந்தெடு. நாலு நாள் கூட ஆனாலும் பரவாயில்லை. இஎம்ஐயில் வாங்கியிருந்தால், பொருள் திரும்பிப் போன பிறகு வங்கியைக் கூப்பிட்டு இஎம்ஐ ரத்தாகிவிட்டதா என்று நீயே கேட்டு உறுதி செய்துகொள்.

இன்னொரு தொல்லை உண்டு. யூபிஐயில் பணம் போய்விடும், ஆனால் ஆர்டர் பதிவாகியிருக்காது. இதற்கு ரிசர்வ் வங்கி 2019-லேயே கெடு வைத்துவிட்டது. பணம் போன நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. உன் வங்கியிடமோ யூபிஐ ஆப்பிலோ புகார் போடும்போது இதைச் சொல்லியே கேள்.

இந்த நேரத்தில் பதற்றத்தில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடவே தேடாதே. அங்கே மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். ஆப்புக்குள் இருக்கிற உதவிப் பக்கம் வழியாக மட்டும் போ. பணம் வருவதற்கு யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. "ரீஃபண்ட் வர பின் போடுங்க", "இந்த ஆப்பை இறக்கி ஸ்கிரீனைக் காட்டுங்க" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடு. ஒருவேளை பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 1930-க்கு அடி, வங்கிக்கும் சொல். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ அவ்வளவு பணம் தப்பும்.

இன்ஸ்டாகிராம் சேலைக் கடை

உனக்குப் பிடித்தது இதுதான் என்று தெரியும். நல்ல கடைகளும் நிறைய இருக்கின்றன, வீட்டிலிருந்தே உழைத்து விற்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் புதுக் கடை என்றால் கடைக்கு முகவரி இருக்கிறதா, பில் தருவார்களா, கமென்ட் போடுவதை அடைத்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் அனுப்பு. முதல் தடவை ஒரே ஒரு சேலை போதும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜில் மட்டும் பேசி முடிக்காதே. "பிளவுஸ் பிட் உண்டுதானே அக்கா? டேமேஜ்னா பணம் திரும்ப வருமா?" என்று எழுதிக் கேள், எழுத்தில் பதில் வாங்கு. 'ஓப்பனிங் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை' என்று அவர்களே சொல்வதால், சேலையை முழுசாக விரித்து முந்தி, பார்டர், உடம்பு எல்லாம் வெளிச்சத்தில் காட்டி வீடியோ எடு. மடித்து வைத்த இடத்தில்தான் ஓட்டையும் கறையும் ஒளிந்திருக்கும்.

புகார் எழுதும் விதம்

போனில் அரை மணி நேரம் கத்தினால் தொண்டைதான் வலிக்கும். நாளைக்குக் கூப்பிட்டால் வேறு ஒருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்லணும். பேசினாலும் பேசி முடித்ததும் சாட்டிலோ மெயிலிலோ எழுதிவிடு. திட்டாமல், நீட்டாமல், இப்படி எழுதினால் போதும்:

"ஆர்டர் எண் இது. ஜூலை 4 அன்று வாங்கிய மிக்ஸி ஜூலை 8 மாலை வந்தது. பெரிய ஜாரின் அடியில் விரிசல் இருக்கிறது, தண்ணீர் ஊற்றினால் கசிகிறது. 3 போட்டோவும், பெட்டியைப் பிரித்த வீடியோவும் இணைத்திருக்கிறேன். நான் கட்டிய ரூ.3,499 முழுவதையும் அதே யூபிஐ கணக்குக்குத் திருப்பித் தரவும். ஜூலை 15-க்குள் எழுத்தில் பதில் தரவும்."

தேதி, குறை, ஆதாரம், உனக்கு என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும் என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டது. புகார் எண் கேட்டு வாங்கிக்கொள்.

கஸ்டமர் கேர் அசையவில்லை என்றால், அதே ஆப்பில் குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்கும். வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அவர் 48 மணி நேரத்துக்குள் உன் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லணும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கணும். "நாங்க வெறும் பிளாட்ஃபார்ம், விற்றவரைக் கேளுங்க" என்று கையை விரித்தால், விற்றவரின் முழு முகவரியை எழுத்தில் கேள். வாங்கினவர் கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை.

அடுத்தது 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை, காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம். 88000 01915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது. அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், உன் புகாரை நேராகக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். என் அனுபவத்தில் இதுவரை வாயைத் திறக்காத கம்பெனிகூட இங்கிருந்து கடிதம் போனால் அசைந்துகொடுக்கிறது. 1915 என்றால் வெறும் கண்துடைப்பு என்று நினைத்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதே.

அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கோர்ட் என்று பயப்படாதே. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதியலாம், வீடியோ மூலம் விசாரணை கேட்கவும் வழி உண்டு. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனசைத் தயார் செய்துகொள். ஆனால் 3,000 ரூபாய்க்காக இவ்வளவு தூரமா என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே. சின்னத் தொகைதானே, பேசாமல் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்துதான் சில கடைகள் இழுத்தடிக்கின்றன.

மனுவில் ஆப்பையும் விற்றவரையும் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடு. ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டாலும் அதை அங்கேயே அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பொருளின் விலை, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்க வேண்டியதையெல்லாம் தனித்தனியாக எழுது. பில், ஸ்கிரீன்ஷாட், சாட், 1915 கொடுத்த புகார் எண் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி இணை. எழுதி முடித்ததும் அனுப்பும் முன் எனக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் போடு, ராத்திரி வேலை முடிந்ததும் உட்கார்ந்து படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.